திருச்செந்தூர் போயும் மனசு ஆறவில்லை

கேள்வி:

எனக்கு 48 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான மாமியாரை ஆறு வருடம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அத்தை போன ஆவணியில் தவறிவிட்டார்கள். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்து, காரியமெல்லாம் முறையாக முடித்தோம். "இனியாவது ஓய்வெடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. இன்றும் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலரைக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தால் வாய் பாட்டுக்குப் பாராயணம் செய்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. கடலைப் பார்த்தால் மனசு ஆறும் என்று தோழி சொன்னாள். கார்த்திகையில் பன்னிரண்டு பேராக வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனோம். நாலு மணி நேரம் வரிசை, கால் மணி நேரம் கடல். போனபோது இருந்ததைவிடக் களைத்துப்போய்த்தான் திரும்பினேன். மற்றவர்கள் கண்ணீர் விட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அத்தை போன அன்றும் எனக்கு உடனே அழுகை வரவில்லை. என் மனசு கல்லாகிவிட்டதா? சாமி மேல் நம்பிக்கை போய்விட்டதா? மூன்று நாள் தனியாக ஏதாவது ஒரு கடற்கரையில் போய் இருக்க வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். போகலாமா? போனால் அங்கே என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். மூன்று நாளும் தனியாகவே போகலாம். எங்கே, எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். திருச்செந்தூர், வேன், வரிசை என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் "அத்தை போன அன்றும் எனக்கு உடனே அழுகை வரவில்லை" என்று எழுதிவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். முப்பது வருடமாக மனநல ஆலோசகராக இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனிதர்கள் சொல்ல வந்த விஷயத்தை இப்படித்தான், வழியில் எதையோ கீழே போட்டுவிட்டு நடப்பதுபோலப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அழுகை வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு எதுவோ வந்திருக்கும். அது 'அப்பாடா'வாக இருந்திருக்கலாம். நீங்கள் எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். தவறாக இருந்தால் அடித்துவிடுங்கள். சரியாக இருந்தால், ஆறு வருடம் ராத்திரியில் எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்த எந்தப் பெண்ணுக்கும் அது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய அவஸ்தை முடிந்ததற்கும் அந்த 'அப்பாடா' சேரும், உங்களுடையது முடிந்ததற்கும் சேரும். இரண்டாவதைத்தான் உங்களால் மன்னிக்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறு வருடப் பாசத்தை அந்த ஒரு நிமிடம் பொய்யாக்கிவிட்டதுபோல, அதன்பின் எந்த ஓய்வையும் எடுக்க உங்களுக்கு உரிமை இல்லாததுபோல நடந்துகொள்கிறீர்கள்.

விழிப்பு விஷயத்துக்கு வருவோம். படுக்கைப்புண் வராமல் இருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதற்காக ஆறு வருடம் பழகிய உடம்பு, இன்னும் டூட்டியில் இருக்கிறது. பக்கத்து அறையில் இருமல் கேட்டதுபோல இருக்கும், எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அங்கே கட்டிலே இல்லை என்பது ஞாபகம் வரும். அப்படித்தானே? இது பைத்தியமும் இல்லை, ஆவியும் இல்லை. மாதக்கணக்கில் ஆகும், மெதுவாகக் குறையும். ஆனால் உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலமும் தூக்கத்தைக் கெடுக்கும். தைராய்டும் ரத்தசோகையும் களைப்பைக் கூட்டும். ஊருக்குக் கிளம்பும் முன் இந்த இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, உங்கள் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். எல்லாக் களைப்பையும் ஆன்மாவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இனி திருச்செந்தூர். அங்கே உங்களுக்கு ஒன்றும் தோன்றாததற்குக் கடலும் காரணமில்லை, முருகனும் காரணமில்லை. பன்னிரண்டு பேரில் யாருக்கு இட்லி, யாருக்குப் பொங்கல், யார் மாத்திரை போட்டாச்சு என்று பார்த்தது யார் என்று நான் கேட்கவே வேண்டாம். ஆறு வருடம் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர், ஒரு வேன் நிறையப் பேரைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறீர்கள். கூட்டமாகப் போய்க் கும்பிடுவதில் ஒரு சுகம் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அது இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் என்றாலே அமைதி என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. விளம்பரத்தில் வரும் வெள்ளைச் சட்டை, சாய்வு நாற்காலி, நீலத் தண்ணீர். எங்கள் தொழிலும் இதற்கு உடந்தை. மனசைத் தளர்த்தும் பயிற்சி என்று ஒன்று சொல்லிக்கொடுப்போம். "கண்ணை மூடுங்கள். ஓர் அழகான கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் அது வழக்கமாக ஆரம்பிக்கும். 2005 ஜனவரியில், நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு நிவாரண முகாமில் நான் அதையே சொன்னேன். ஆமாம், சுனாமி வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, மனப்பாடம் செய்த வரியை என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு மீன்காரம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?"

இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

அந்த அம்மா ஒரு வருடம் கடல் பக்கமே திரும்பவில்லை. ஏலத்துக்குப் போகும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். முதலாண்டு நினைவுநாளில் எல்லோரும் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள், அவரும் வந்தார். பாலை ஊற்றினார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, கடலைத் திட்ட ஆரம்பித்தார். சாதாரணத் திட்டு இல்லை. குனிந்து மண்ணை வாரி வாரி அலையின் முகத்தில் எறிந்துகொண்டு, தொண்டை கட்டும்வரை. யாரும் தடுக்கவில்லை. முடிந்ததும் ஈர மணலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "டீ கெடைக்குமா?" என்றார். அன்று ராத்திரிதான் முழுசாகத் தூங்கினேன் என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்.

நான் படித்த மனோதத்துவத்தில் இதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். நம் பழைய இலக்கணக்காரர்கள் எப்போதோ வைத்துவிட்டார்கள் என்று பிற்பாடுதான் உறைத்தது. ஐந்து நிலங்களுக்கும் ஒவ்வொரு மனநிலையை வகுத்தவர்கள், கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு வைத்தது அமைதியை இல்லை, இரங்கலை. பொழுது எற்பாடு, வெயில் சாயும் நேரம். (சூரியன் எழும் நேரம் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) கடற்கரை என்றால் ஏங்கி, வாய்விட்டுப் புலம்பி, நெஞ்சில் இருப்பதை நாரையிடமும் நண்டிடமும் அடும்பங்கொடியிடமும் சொல்லித் தீர்க்கும் இடம் என்றே நம்மவர்கள் பாடியிருக்கிறார்கள். சென்னைவாசிகளுக்கு அது காற்று வாங்கும் இடமானது ரொம்பப் பின்னால் நடந்தது.

ஆகவே, கடலிடம் அமைதியைக் கேட்டு வாங்கப் போகாதீர்கள். சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு வரப் போங்கள். இளைப்பாறுதல் வந்தால் அதற்குப் பிறகுதான் வரும்.

சாமி மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அர்ச்சகரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. ஆனால் நம்பிக்கை போனவர்கள் அதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆறு வருடம் உங்கள் பூஜை எங்கே நடந்தது? மலம் துடைத்ததிலும், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டியதிலும் நடந்தது. கை செய்துகொண்டிருந்த வேலை திடீரென்று நின்றுவிட்டது. வாயால் செய்யும் பூஜை இப்போது வெறுமையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. மூன்று நாளைக்குப் பாராயணத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்வேன். தானாக ஒரு வரி வாயில் வந்தால் வரட்டும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது? உங்களுக்கு நான் தரங்கம்பாடியைச் சொல்வேன். கோவையிலிருந்து வரும் ஜன சதாப்தியை ஈரோட்டில் பிடித்தால் நேராக மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போல. சின்ன ஊர். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடக்கிற தூரம்தான். அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எதிரே கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாலு மணி நேர வரிசை அங்கே இருக்காது. ஓசோன் நிறைந்த காற்று என்று அந்த ஊரைப் பற்றி ஒரு பெருமை பேசுவார்கள், அதை நம்பிப் போக வேண்டாம். ஓசோனை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல். உப்புக் காற்றே போதும்.

இந்த ஊரைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அஸ்தியைக் கூடுதுறையில் கரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காவிரி கடலில் சேருமிடம் பூம்புகார், தரங்கம்பாடிக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் கொள்ளிடத்திலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் பிரிந்துபோய், பல மாதம் அங்கே வந்து சேரும் தண்ணீர் கொஞ்சம்தான் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆடிப்பெருக்குக்கும் ஆடி அமாவாசைக்கும் அங்கே கூடுகிற ஜனங்கள் தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு வருவதில்லை.

மாசியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையின் மழையும் புயலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம். அன்று சாமிகளே கடலாட வந்துவிடுவார்கள், உங்களுக்கு இடம் கிடைக்காது. அந்தப் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக் கரைக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் வருவார். மீனவ ஜனங்கள் அவரை மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கொண்டாடுவார்கள். ஒரு வருடம் அதைப் பார்க்கவும் போங்கள், இந்த வருடம் இல்லை.

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். அறையில் படுங்கள், தூங்குங்கள், பசித்தால் சாப்பிடுங்கள். பகல் தூக்கம் தரித்திரம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும். அது அத்தையின் குரலாகவோ உங்கள் அம்மாவின் குரலாகவோ இருக்கலாம். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒருமுறை கரைக்குப் போய் எட்டிப் பாருங்கள், போதும்.

இரண்டாம் நாள் நாலரை மணி விழிப்பு உங்களுக்கு உதவும். வீட்டில் அந்த நேரத்தில் எழுந்தால் வெறும் சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அலையைக் கேளுங்கள். இருட்டில் தனியாகக் கரைக்குப் போக வேண்டாம். வெளிச்சம் வரத் தொடங்கியதும் போங்கள். படகுகள் வந்து மீன் இறங்கும் பக்கமாகப் போனால், கூடையோடு பெண்கள் நிற்பார்கள். தனியாக வந்திருக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வேளையில் கிடையாது. அவர்களிடம் "இன்னைக்குக் கடல் எப்படிம்மா?" என்று கேளுங்கள். நீவாடு எப்படி இருக்கிறது, அதாவது நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு, ஆள் நடமாட்டம் கண்ணில் படும் தூரத்திலேயே, அலை எட்டாத உலர்ந்த மணலில் ஓர் இடம் பாருங்கள். அடும்பங்கொடி படர்ந்திருக்கும் விளிம்பு நல்லது. இலை மாட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும், ஊதா நிறத்தில் புனல் போலப் பூ. அங்கே பக்கத்தில் கட்டைவிரல் பருமனிலிருந்து எலி வளை அளவுவரை குழிகள் தெரியும். வாயில் புது மணல் சிதறிக் கிடந்தால் உள்ளே நண்டு இருக்கிறது. மணல் நிறத்திலேயே இருக்கும், குச்சியில் பொருத்தியதுபோலக் கண் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் நடந்த அதிர்விலேயே அது உள்ளே போயிருக்கும். இரண்டு மூன்று கை தள்ளி உட்காருங்கள். நிழல் குழி மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நண்டு வெளியே வரும்வரை அசையக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி.

சிரிக்காதீர்கள். "கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள்" என்று உங்களிடம் சொன்னால் கேஸ் புக் பண்ணியாச்சா, பால் பாக்கெட் வந்ததா என்று ஓடும். நண்டுக்காகக் காத்திருக்கும்போது கண்ணுக்கு வேலை இருக்கிறது, கைக்கு இல்லை. ஐந்து நிமிடமும் ஆகலாம், இருபது நிமிடமும் ஆகலாம். முதலில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்க்கும். நீங்கள் மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பக்கவாட்டில் வெளியே வந்து, காலிடுக்கில் அணைத்துக் கொண்டுவந்த ஈர மணலை விசிறி எறிந்துவிட்டு உள்ளே ஓடும். அடுத்த சுமையோடு திரும்பி வரும். அதுவும் வீட்டு வேலைதான் பார்க்கிறது. நீங்கள் செய்ய வேண்டாத, உங்கள் உதவி தேவைப்படாத வீட்டு வேலை. ஆறு வருடமாக உங்களைக் கேட்காமல் எதுவும் நகராத வீட்டில் இருந்தவருக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது மூச்சு தானாக அலையோடு சேரப் பார்க்கும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விடுகிறோம். அலைகள் பல நாட்களில் பத்து விநாடிக்கு முன்னே பின்னே ஒன்றாக வந்து விழும், அதாவது நிமிடத்துக்கு ஆறு போல. அந்த அளவுக்கு மூச்சு நிதானப்பட்டு, வெளியே விடுவது நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. கடற்கரையில் உடம்பு தளர்வதற்கு மந்திரமாயம் இல்லாத ஒரு காரணம் இது. வலிந்து எண்ண வேண்டாம். அலை பின்வாங்கும்போது மூச்சை விடுங்கள், அது போதும்.

மூன்றாம் நாள் பூம்புகாருக்கோ, முடியாவிட்டால் தரங்கம்பாடிக் கரைக்கோ வெயில் சாயும் நேரத்தில் போங்கள். அத்தையிடம் பேசுங்கள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு. அலைச் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே பாதிதான் கேட்கும், நாலு அடி தள்ளி நிற்பவருக்குக் கேட்கவே கேட்காது. ஊரில் எந்தக் கோயிலிலும் எந்த அறையிலும் கிடைக்காத வசதி இது. "நீங்க போனப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க அத்தை" என்பதை அந்த ஒலியில் சொல்லலாம். ஆறு வருடத்தில் கோபம் வந்த ராத்திரிகள் இருக்கும், கை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்ட நாள் ஒன்று இருக்கும், அதையும் சொல்லலாம். அவர் செய்த கொடுமை ஏதாவது இருந்தால் அதைச் சொல்வதற்கும் அதுதான் இடம். அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பாதகமில்லை. சொன்ன பிறகு டீ குடியுங்கள்.

இப்போது கண்டிப்பாகச் சில வார்த்தை. நீங்கள் காவிரிக்கரைக்காரர், கடல் பழக்கமில்லாதவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பாறை மேல், கொட்டிவைத்த கற்கள் மேல் ஏறாதீர்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். வானம் கறுக்காமல், புயல் இல்லாமல், எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை கரையில் ஏறும் அந்த நிலையைக் கள்ளக்கடல் என்பார்கள். எச்சரிக்கை வந்திருந்தால் கரைப்பக்கமே போகக் கூடாது.

இன்னொன்றையும் நேராகவே கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு உங்களுக்கு வருகிறதா? அலையைப் பார்த்தபோது அப்படியே நடந்து போய்விடலாம் போல இருந்ததா? இருந்தால் இந்தப் பயணம் இப்போது வேண்டாம், தனியாக நிச்சயமாக வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண் அது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அப்படி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஈடுபாடே இல்லை, வேலையில் கணக்கு தப்புகிறது என்றாலும் முதலில் மனநல மருத்துவர், பிறகு கடல். மன அழுத்த நோய்க்கு மருந்து இருக்கிறது. அலை அதற்கு மாற்று ஆகாது.

வீட்டில் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். அனுமதி கேட்டால் சிரிப்பார்கள். தேதியைச் சொல்லுங்கள். "மாசி இத்தனாம் தேதி கிளம்புறேன், மூணு ராத்திரி, இந்த லாட்ஜ், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுவேன்" என்று உங்கள் வீட்டுக்காரரிடம் டிக்கெட்டோடு சொல்லிப் பாருங்கள். அவருடைய அம்மாவுக்குத்தான் ஆறு வருடம் செய்திருக்கிறீர்கள், மூன்று நாள் அவர் ரசம் வைத்துக்கொள்வார். பையன் பரீட்சை முடியட்டும், தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போட்டால், அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

ஓய்வு என்றால் வீணாகக் கிடப்பது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் வருடத்துக்கு 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்கான தடைக்காலம். கரையில் அப்போது யாரும் படுத்துக் கிடப்பதில்லை, கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சும்மாதானே இருக்கீங்க" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

திரும்பி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு மணி விழிப்பு இன்னும் கொஞ்ச நாள் வரும். திதி நெருங்கும்போது மறுபடி கனக்கும். ஒரு வருடம் தாண்டியும் அவர் நினைவே அன்றாடத்தை நடத்தவிடாமல் செய்தால், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அதற்கென்றே தனிச் சிகிச்சை முறைகள் இப்போது இருக்கின்றன. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், நீர் என்று வெளியிடங்களில் இருந்தவர்களே நல்ல ஆரோக்கியத்தோடும் நிறைவோடும் இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று தெரிந்தது. ஒரே நாளில் இருந்தாலும் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்களோ என்று எதிர்க்கேள்வியும் கேட்கலாம். இருந்தாலும் உங்களுக்குக் கூடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது. காரியத்துக்கு மட்டும் போகிற இடமாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் கூட்டம் வருவதற்கு முன்னால், படிக்கட்டில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். கையில் எந்தப் பையும் வேண்டாம்.

போய் வந்து எழுதுங்கள். அத்தையிடம் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு வேண்டாம். நண்டு எத்தனை நிமிடத்தில் வெளியே வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.